குடியாட்சியும் குடிநீரும்

‘குடி’ என்னும் சொல் தமிழிற் பல பொருள் தருவது. வீட்டையும், வீட்டில் வாழ்வாரையும், ஊரையும், நாட்டு மக்களையும் அது குறிக்கும். நீர் அருந்துதலாகிய தொழிலுக்கும் அதுவே பகுதியாய் நிற்கும். குடியாட்சி என்ற தொடரிலும் குடிநீர் என்ற தொடரிலும் முன்னிற்கும் வடிவம் ஒன்றே. இவை ஒரு வேரினவோ இரு வேரினவோ என்னும் ஆராய்ச்சியை மொழிநூலார்க்கு விடுவோம். நாம் ஈண்டு உரைக்கப் புகுவது வேறு. குடிநீர் கெடுமாயின் அதனைத் தடுக்கும் ஆற்றல் குடிகளுக்கு எவ்வளவிற்கு உண்டு, சட்டம் அவர்க்குத் திறந்துவைத்துள்ள வாயில்கள் யாவை, அவ்வாயில்களால் நுழைவார் ஏன் மிகச் சிலராய் உள்ளனர் என்பனவே இக்கட்டுரையின் பொருள். யூபிலி மலரிற் கல்லூரியின் பழம்பெருமையை எடுத்தோதுதற்கு நம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், படித்துக்கொண்டிருக்கும் மாணவர்க்கும், ஊர்தோறும் பொறுப்புள்ள பதவிகளில் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்க்கும் ஒருங்கே பயன்படத்தக்க செய்தியொன்றை எடுத்துக்கொண்டோம்.

குடிமகன் என்ற சொல்லைப் பற்றி ஒன்று கூறிவிட்டு மேலே செல்வோம். நம் ஊர்களில் முன்னாளில் இச்சொல், பிறர் வீட்டு நன்மை தீமைகளுக்கு வந்து ஊழியஞ்செய்யக் கடமைப்பட்டவரைக் குறித்து வழங்கியது. இன்றோ, வாக்குரிமை படைத்த ஒவ்வொருவரையும், ஆட்சியின் உடைமையாளர் ஒவ்வொருவரையும் அது குறிக்கின்றது. ஏவல் கேட்பவன் என்ற பொருளிலிருந்து ஏவும் உரிமையுடையவன் என்ற பொருளுக்குச் சொல் வந்து சேர்ந்துவிட்டது. மனம் வந்து சேர்ந்ததா என்பது ஐயமே. கந்தோர் ஒன்றின் வாயிலில் நம்மவர் நிற்கும் நிலையைக் கண்டோர்க்கு இவ்வையம் எளிதில் விளங்கும்.

சட்டத்தின் சொற்களோ ஐயத்திற்கிடமின்றி உள்ளன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, இறைமை மக்களுக்கே உரியது, அஃது எவர்க்கும் கைமாற்ற முடியாதது என்று தன் 3ஆம் உறுப்புரையில் விதித்துள்ளது. 27ஆம் உறுப்புரையின் 14ஆம் பிரிவு, சமுதாய நன்மையின் பொருட்டுச் சுற்றாடலைக் காத்துப் பேணி மேம்படுத்துவதை அரசின் கடனாக வைத்தது. அடுத்த உறுப்புரை, இயற்கையைக் காப்பதும் அதன் வளங்களைப் பேணுவதும் இந்நாட்டிலுள்ள ஒவ்வொருவரின் கடமை என்றது. இவ்விரண்டையும் நேரே காட்டி நீதிமன்றில் வழக்காட முடியாதென்று 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்தியிருப்பினும், ஏனைய உரிமைகளுக்குப் பொருள்காணும்போது நீதியரசர்கள் இவற்றைத் துணையாகக் கொண்டுள்ளனர். அது பின்னர் விளங்கும்.

முதலில் நம் காலடியிலுள்ள நீரைக் காண்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஆறாகத் தோன்றிக் கோடையில் வயலாகக் கிடப்பது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே நமக்கு வாழ்வு. அம்மழை செம்பாட்டு மண்ணூடு ஊறி, அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அங்கும் அது தனியே தங்குவதில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலமாதலின், பாறையின் ஆழத்தில் உவர்நீர் நிற்க, அதன்மேல் நன்னீர் வில்லை வடிவாய் மிதக்கின்றது. நன்னீரிலும் கடல்நீர் சிறிதே கனமானது; அவ்வேறுபாடே இரண்டையும் பிரித்துவைத்துள்ளது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயரத்திற்கு நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்தின் கீழ் ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும் என்பது அறிவியலார் கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபுறத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயந்திரம் பூட்டி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்துவோமாயின், காலப்போக்கில் கீழிருந்து உவர் நாற்பதடி மேலெழ இடமுண்டாகும். வெடிப்பும் குகையும் நிறைந்த பாறையில் இக்கணக்கு இடத்துக்கிடம் மாறுமெனினும், நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை அறிந்தோர் இதன் உண்மையை மறார்.

இப்பாறைக்கு மற்றுமொரு தன்மை உண்டு. மணலைப் போல் அது நீரை வடித்துத் தூய்மை செய்வதில்லை. ஒரு வளவில் நிலத்திற் கொட்டியது வெடிப்பூடு சென்று வேறொரு வளவின் கிணற்றில் தோன்றும். வேலியும் மதிலும் நிலத்தின்மேல் உள்ளவை; நிலத்தின் கீழ் எல்லாரும் ஒரே கலத்தில் உண்பவர்கள். தோட்டங்களில் அளவிறந்து இடும் செயற்கை உரமும், கிணற்றுக்கு அணித்தே வெட்டிய மலக்குழிகளும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவை உயர்த்திவிட்டன. ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மிக்க நைத்திரேற்றுள்ள நீரிற் பால்மாக் கரைத்துப் பருக்கப்படும் கைக்குழந்தையின் குருதி, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும். இதற்கு எந்த அயலானையும் நாம் குற்றஞ்சொல்ல வழியில்லை. உரமூட்டையை அவிழ்த்த கை நம்முடையது.

முன்னோர் இந்நீரை எங்ஙனம் ஆண்டனர் என்பது மாணவர் அறியத்தக்கது. நம் தோட்டநிலங்களிற் பெரும்பாலானவை பங்குக் கிணற்றால் விளைந்தவை. ஒரு கிணற்றுக்குப் பலர் உரித்தாளர். உறுதியிலே நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்படும். இன்ன நாளில் இன்னார்க்கு இறைப்பு என்று முறை வகுத்திருந்தனர். துலாமிதிக்க ஆள் வேண்டும், பட்டை பிடிக்க ஆள் வேண்டும், வாய்க்காலில் நீர்கட்ட ஆள் வேண்டும். ஆதலின் ஒருவர்க்கொருவர் உதவியாகவே இறைப்பு நடந்தது. மனிதன் காலால் இறைத்த காலத்திற் கிணறு ஊறுதற்கு ஓய்வும் கிடைத்தது. இயந்திரம் வந்தபின் முறையும் தளர்ந்தது, ஓய்வும் போயிற்று.

எனினும், அந்நாளைப் பொற்காலமென்று பாடுதற்கு நாம் ஒருப்படோம். கிணற்றுக் கட்டில் ஏறவும் விடாது, பிறர் இரங்கி வார்க்கும் நீருக்காகக் குடத்தோடு காத்து நிற்குமாறு ஒரு சாராரை ஒதுக்கிவைத்த நாடும் இதுவே. தாகத்திற்கும் சாதி வகுத்தவர்கள் நீரைப் பொதுமையாக ஆண்டனர் என்று கூறுதல் முழுவுண்மை ஆகாது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நாம் வகுப்பிலே பெருமையோடு கற்பிக்கின்றோம். ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரியைக் காக்க ஏரி வாரியம் என ஓராண்டுக்கு ஆறுபேரை அமைத்தனர். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடத்தில் இடம்பெறார் என்ற விதி, இன்றும் நமக்கு வேண்டற்பாலது. ஆயின் நிலமில்லாதவர்க்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. அது பிராமணர் சபையொன்றின் ஏற்பாடு. இவ்விரு செய்தியையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

இனி, சுன்னாகத்துச் செய்திக்கு வருவோம். நம் வாசகரிற் பலர் அதனைக் கண்ணாற் கண்டவர்கள். நெடுங்காலமாக மின்னுற்பத்தி நடைபெற்றுவந்த அவ்விடத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதக்கின்றதென்னும் முறைப்பாடு எழுந்து, 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெருங்கிளர்ச்சியாயிற்று. வாளியை இறக்கிய பெண்ணே அதனை முதலிற் கண்டாள். ஆய்வுகூடம் பின்னரே கண்டது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையார் 150 கிணறுகளை ஆய்ந்தபோது, அவற்றுட் பெரும்பாலானவற்றில் எண்ணெயும் கொழுப்பும் அனுமதிக்கத்தக்க அளவை மிஞ்சியிருக்கக் கண்டனர். வேறு நிபுணர் குழுவின் முடிவு இதனோடு முரணிற்று. எவர் சொல்லை நம்பிக் குழந்தைக்கு நீர் கொடுப்பது என்று தாய்மார் திகைத்தனர். ஊரவர் மல்லாகம் நீதவான் நீதிமன்றை நாடினர், மக்கள் வீதியிற் கூடினர், மாணவரும் கூடினர். தாங்கிகளிற் கொண்டுவந்து வைத்த நீருக்குக் குடங்கள் வரிசையாய் நின்றன. கிணறு இல்லாத வளவில்லை என்று பெருமை பேசிய வலிகாமத்தில் இஃது எய்தியது.

இவ்விடயத்தை உயர் நீதிமன்றுக்கு அடிப்படை உரிமை மனுவாக எடுத்துச் சென்றவர் சுன்னாகத்தவர் அல்லர், தமிழருமல்லர். தென்னிலங்கையைச் சேர்ந்த சூழலியலறிஞர் ஒருவர், பொதுநலம் கருதி, 2015ஆம் ஆண்டில் அம்மனுவைத் தாக்கல் செய்தார். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை மன்று கைக்கொண்டது. சட்டத்தின் சமமான பாதுகாப்பைப் பெறும் உரிமை, அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையில் உள்ளது. காக்கவேண்டிய அதிகாரசபை காவாதொழியின் அவ்வுரிமை மீறப்படுகின்றது என்று கொள்ளப்பட்டது. முற்கூறிய 27ஆம் உறுப்புரை இங்கேதான் துணைநின்றது. மின்னுற்பத்தி செய்த கம்பனி இரண்டு கோடி ரூபா செலுத்துமாறும், கிணறு மாசுற்றோர்க்குத் தலைக்கு நாற்பதினாயிரம் ரூபா வரை அதிலிருந்து வழங்குமாறும் கட்டளை பிறந்தது. நாற்பதினாயிரம் ரூபாவுக்கு இக்காலத்தில் என்ன கிணறு வெட்டலாம் என்று நகைப்பார் உளர். அவர் நகைப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும், எண்ணெய் மிதந்த கிணற்றின் உரித்தாளரான ஏழைக் கமக்காரனை உரிமையிழந்தவனாக நாட்டின் அதியுயர் மன்று ஏற்றுக்கொண்டது, பணத்தால் அளக்கும் செய்தியன்று. வடக்கின் கிணற்றுக்காகத் தெற்கிலிருந்து ஒருவர் வழக்காடியதையும் நாம் மறத்தல் கூடாது. நிலத்தடி நீரைப் போலச் சில நன்மைகள் எல்லை பார்த்து ஊறுவதில்லை.

ஆனால், ஒன்றை உற்றுநோக்குக. சுன்னாகத்தில் மக்கள் பங்கு, நீர் கெட்டபின்னரே தொடங்கியது. கெடுமுன்னரே தடுத்த வழக்கொன்று இந்நாட்டில் உண்டு. அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவல என்னும் ஊரிற் பொசுபேற்றுப் படிவு இருத்தல் 1971ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. உரத்திற்குரிய மூலப்பொருள் அது. 1990களின் இறுதியில், அமெரிக்கக் கம்பனியொன்றின் பங்கோடு, முப்பது ஆண்டுகளில் 2 கோடி 61 இலட்சம் தொன் பொசுபேற்றை அகழ்ந்தெடுக்கும் ஒப்பந்தத்திற்கு அரசு முற்பட்டது. ஆய்வுக்கென வகுத்த நிலம் பத்துச் சதுர கிலோமீற்றர். அதனைச் சூழ்ந்த வலயத்தையும் கூட்ட 56 சதுர கிலோமீற்றர். ஏறத்தாழ 2,600 குடும்பத்தார், பன்னீராயிரம் பேர், ஊரைவிட்டுப் பெயரவேண்டி நேரும். அவ்வழியேதான் தாதுசேன மன்னன் காலத்ததாகிய ஜயகங்கை என்னும் யோத வாய்க்கால் ஓடுகின்றது. கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு ஐம்பத்துநான்கு மைல் நீர் கொண்டுசெல்லும் அவ்வாய்க்கால், முதற் பதினேழு மைலில் மைலுக்கு ஆறங்குலமே சரிவது. இயந்திரக் கருவியின்றி இச்சரிவை அளந்தவர் அறிவை எண்ணி வியவாத பொறியியலார் இலர். சுரங்கம் அதனையும் விழுங்கும் நிலை ஏற்பட்டது.

அவ்வூரவர் எழுவர், அவருள் ஒருவர் அங்குள்ள விகாரையின் தலைமைப் பிக்கு, ஏனையோர் நெல்லும் தென்னையும் பயிரிட்டும் பசு வளர்த்தும் வாழ்ந்தோர், உயர் நீதிமன்றை நாடினர். எதிர்த்தரப்பார் எழுப்பிய தடை நாம் கருதத்தக்கது. இது நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவான காரியம். இவ்வெழுவர்க்குத் தனியுரிமை எங்ஙனம் உண்டு என்றனர். பலர்க்கும் உரிய உரிமை என்பதனால் ஒருவனுக்கு உரிமையில்லாது போகாது என்று நீதியரசர் அமரசிங்க அத்தடையைத் தள்ளினார். இயற்கை வளத்திற்கு அரசு உடைமையாளன் அன்று, காவலன் மட்டுமே. குடிகளும் அக்காவலிற் பங்குடையர் என்ற கருத்தையும் அவர் நிலைநாட்டினார். இதற்கு அவர் துணைக்கொண்டவை 1972ஆம் ஆண்டின் ஸ்ரொக்கோம் பிரகடனமும், 1992ஆம் ஆண்டின் றியோ பிரகடனமும் மட்டுமல்ல. மன்னன் நிலத்திற்குக் காவலனே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு உரைத்ததாக வரும் பழம் உபதேசமுமாகும். 2000ஆம் ஆண்டு யூன் 2ஆம் நாள் வந்த தீர்ப்பின்படி, படிவின் அளவையும் தன்மையையும் செவ்வனே ஆராய்ந்து, அதன் முடிவுகளை வெளியிட்டு, சட்டம் விதித்த சுற்றாடல் தாக்க மதிப்பீட்டையும் நிறைவேற்றினாலன்றி ஒப்பந்தம் செய்தலாகாது. சட்டம் வகுத்த மதிப்பீட்டு முறையை ஒப்பந்தத்தின் வாசகத்தால் ஒதுக்கிவிட முடியாது என்பதே தீர்ப்பின் உயிர்நாடி. ஊரும் வாய்க்காலும் எஞ்சின.

அம்மதிப்பீட்டு முறை யாது? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தை 1988ஆம் ஆண்டிலே திருத்தியபோது அது புகுத்தப்பட்டது. பெரிய முயற்சி ஒன்று தொடங்குமுன், அதனால் நிலத்திற்கும் நீருக்கும் மக்களுக்கும் விளைவதென்ன, வேறு வழி உண்டா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதப்படல் வேண்டும். எவை பெரிய முயற்சிகள் என்பதை 1993ஆம் ஆண்டின் வர்த்தமானி பட்டியலிட்டது. இருபத்தைந்து மெகாவாற்றுக்கு மேற்பட்ட அனல்மின் நிலையம், பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை, ஒரு ஹெக்ரேயருக்கு மேற்பட காட்டை அழித்தல், தொண்ணூற்றொன்பது அறைக்கு மேற்பட்ட விடுதி என்பன அவற்றுட் சில. அறிக்கை ஆயத்தமானதும், வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒவ்வொரு பத்திரிகையிலும் அறிவித்தல் வெளியிட்டு, அதனை மக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். அறிவித்தல் வெளியான நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் எக்குடிமகனும் தன் கருத்தை எழுதி அனுப்பலாம். நிலவுரிமையாளனாக இருத்தல் வேண்டுமென்றோ, அவ்வூரவனாக இருத்தல் வேண்டுமென்றோ நிபந்தனை இல்லை. பதினாறு வயது மாணவன் எழுதினாலும் அது கருத்தே.

இத்துணை அகலமான வாயில் திறந்திருக்க, நுழைவார் ஏன் இலர்? சோம்பல் ஒரு காரணம். ஆயினும் தமிழாசிரியர் என்ற முறையில் எமக்குத் தோன்றும் காரணம் பிறிதொன்று. அறிவித்தலின் தமிழ் எவர்க்கும் விளங்குவதில்லை. உயர்தர வகுப்பு மாணவர் சிலரிடம் இத்தகைய அறிவித்தல் ஒன்றைக் கொடுத்து, அஃது எதனைப் பற்றியது என எழுதுமாறு பணித்தோம். மரண அறிவித்தலையும் ஏலவிற்பனை அறிவித்தலையும் நொடியிற் படித்துணரும் அவர்கள், இதன்முன் அயர்ந்து போயினர். எழுவாய் ஓரிடத்தும் பயனிலை ஒன்பதாம் வரியிலுமாகக் கிடக்க, இடையிலே ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தொகைகள் நிறைந்திருந்தன. தங்கள் ஊர்க் கடற்கரையைப் பற்றிய செய்தி அது என்பதைக் கண்டுகொண்டவர் இருவரே. மொழியுரிமைக்காக இத்துணைப் பாடுபட்ட மக்கள், கிடைத்த மொழியில் எழுதப்படுவது விளங்கும் தமிழா என்று கேளாதிருத்தல் வியப்பே. பழைய மாணவருள் மொழிபெயர்ப்பாளரும் நிருவாக சேவையாளரும் உளர். அவர்க்கு எமது விண்ணப்பம்: பெயர்த்த அறிவித்தலை ஒரு கமக்காரனுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டியபின் அச்சுக்கு அனுப்புங்கள்.

மக்களைக் கேட்டலால் வேலை தாமதமாகும் என்போர்க்கு இரணைமடுவை எடுத்துக்காட்டுவோம். 2010ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வகுத்த நீர்வழங்கல் திட்டம், இரணைமடுக் குளத்தின் நீரை யாழ்ப்பாணத்திற்குக் குழாய்வழி கொணர எண்ணியது. யாழ்ப்பாணத்தவர்க்கு இது நற்செய்தி. கிளிநொச்சிக் கமக்காரர்க்கோ அடிவயிற்றில் நெருப்பு. பெரும்போகத்திற்கு மழை துணைசெய்யும். சிறுபோகம் முற்றிலும் குளத்தின் நீரை நம்பியது. ஒவ்வொரு போகத்திற்கும் முன்னர், கமக்காரரும் நீர்ப்பாசன அலுவலரும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் கூடி, குளத்தில் இவ்வளவு அடி நீர், ஆதலின் இவ்வளவு ஏக்கருக்கே விதைப்பு, இன்ன நாளில் துருசு திறப்பு என்று தீர்மானிப்பர். பாராளுமன்றத்தினும் பழகிய குடியாட்சி அது. கூச்சலும் உண்டு, முடிவும் உண்டு. பற்றாக்குறையை அறுவடைதோறும் பங்கிட்டு வாழ்ந்தவரிடம், மேலுமொரு பங்காளர் வருகின்றார் என்ற செய்தியைத் திட்டம் உருப்பெற்றபின் கொண்டுசென்றால் அவர் எதிர்க்காது என்செய்வர்? எதிர்ப்பு முற்றியது, திட்டம் மாறியது, தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்க முடிவாயிற்று. அங்கே, உவர்க்கழிவு கடலிற் சேர்ந்தால் மீன் என்னாகும் என்று மீனவர் முறையிட்டனர். நாளொன்றுக்கு 2 கோடி 40 இலட்சம் லீற்றர் தரவல்ல அந்நிலையம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. கடன் பெற்ற ஆண்டிலிருந்து எண்ணினாற் பதினான்கு ஆண்டு. குளத்தவரையும் கடலவரையும் கிணற்றவரையும் தொடக்கத்திலேயே ஒரு பாயில் இருத்திக் கேட்டிருப்பின் இத்துணைக் காலம் கழிந்திராது என்பது எமது துணிபு. யாழ்ப்பாணத்தவராகிய நாம், நம் தாகத்தை மட்டும் நியாயமென்றும் கிளிநொச்சியாரின் அச்சத்தைப் பிடிவாதமென்றும் பேசியதும் உண்டு. அப்பேச்சு நமக்கு அழகன்று.

முன்னதாகவே அறியும் வழியும் இப்போது உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017ஆம் ஆண்டு பெப்புருவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபை முதல் அமைச்சு வரை எவ்வலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். ஏன் கேட்கின்றாய் என்று அவர் வினவுதல் கூடாது. பதினான்கு வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு கூறுதல் வேண்டும். அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு பலரறியாதது. ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதியிலோ, ஓரிலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதியிலோ ஒரு வேலை தொடங்குவதாயின், மூன்று மாதங்களுக்கு முன்னரே அதன் விவரத்தைப் பொதுமக்களுக்கும், சிறப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்க்கும் தெரிவிப்பது அமைச்சரின் கடமை. ஐந்து இலட்சம் என்பது இந்நாளில் ஒரு சிறு மதகின் விலை. ஆகவே ஊரில் நடைபெறும் வேலைகளிற் பெரும்பாலானவை இவ்விதிக்குட்பட்டவையே. தெரிவித்தார்களா என்று கேட்டவர் யார்?

மாணவர்க்குக் கடிதம் எழுதக் கற்பிக்கின்றோம். விடுமுறை வேண்டியும், நூலகம் வேண்டியும் அவர்கள் எழுதும் விண்ணப்பங்களில் வணக்கமும் பணிவும் நிறைந்திருக்கும், செய்தி இராது. முப்பது நாட்களுக்குள் அனுப்பும் கருத்துரை வேறு வகையினது. அங்கே ‘இயற்கை அன்னை கண்ணீர் வடிக்கின்றாள்’ என்ற அலங்காரம் ஒரு காசும் பெறாது. அறிக்கையின் எந்தப் பக்கத்தில், எந்தப் பந்தியில் என்ன கூறப்பட்டுள்ளது என்று முதலிற் குறித்தல் வேண்டும். அஃது ஊரின் நிலைக்கு எங்ஙனம் மாறுபட்டதென்று அடுத்துக் காட்டல் வேண்டும். ‘இப்பகுதியிற் கிணறுகள் குறைவு’ என்று அறிக்கை கூறுமாயின், இன்ன ஒழுங்கையில் இத்தனை கிணறு, அவற்றுட் குடிக்கும் கிணறு இத்தனை, இறைக்கும் கிணறு இத்தனை என்று எண்ணி எழுதுவதே மறுப்பு. ஆய்வுக்குத் தண்ணீர் எடுத்தது எந்த மாதம் என்று வினவுதல் வேண்டும். மார்கழியில் எடுத்த நீர் ஆவணியின் உண்மையைச் சொல்லாது. இறுதியாக, வேறிடம் ஆராயப்பட்டதா, கேடு நேரின் ஈடுசெய்பவர் யார் என்ற இரு வினாவும் இடம்பெறல் வேண்டும்.

இதற்கு வேண்டும் சான்றைச் சேர்த்தல் மாணவர் கையில் உள்ளது. கயிற்றிற் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, கட்டிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை அடி என்று அளக்க எந்த ஆய்வுகூடமும் வேண்டா. ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில், ஒரே கிணற்றில் அளந்து, நாளும் அளவும் மழையும் ஒரு கொப்பியிற் குறித்து வருவானாயின், ஐந்தாண்டில் அவனிடம் உள்ளது எந்த நிபுணரிடமும் இல்லாத ஏடு. பத்து ஊர்களிலிருந்து நமது கல்லூரிக்கு வரும் மாணவர் பத்துக் கொப்பி வைத்திருந்தால், வலிகாமத்தின் நீர்க்கணக்கில் ஒரு பகுதி நம் நூலகத்தில் இருக்கும். புவியியல் ஆசிரியரும் நாமும் இதனைப் பற்றிப் பேசியுள்ளோம். கொப்பி வாங்கித்தரப் பழைய மாணவர் முன்வரின் வரும் புரட்டாதியிலே, மழைக்கு முன்னர், தொடங்கலாம்.

கருத்துரையை எழுதிமுடித்தவர் அதனைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பேணுதல் வேண்டும். பிரதியொன்றைச் சனசமூக நிலையத்தில் வைத்தால் ஏனையோரும் பார்த்து எழுதுவர். ஒரே வாசகத்தை அச்சிட்டு இருநூறுபேர் கையொப்பமிடுவதினும், இருபதுபேர் தத்தம் கிணற்றைப் பற்றித் தாமே எழுதுதல் மிக்க பயன் தரும். அடிப்படை உரிமை மனுவுக்கும் காலம் குறுகியதே. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றை அடைதல் வேண்டும். முப்பது நாட் கணக்கு அறிவித்தல் வெளியான நாளிலேயே தொடங்கும். பத்திரிகை ஊருக்கு வந்து ஒருவர் கண்ணிற் படுவதற்கும், கடிதம் கொழும்பைச் சேர்வதற்கும் கழியும் நாட்களும் அம்முப்பதினுள்ளேயே அடங்கும்.